லீக்ப்ரூஃப்: கசியுமா, ஒழுகுமா?

அனைவருக்கும் வணக்கம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் ஆவணத் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். அதில் 'லீக்ப்ரூஃப்' சார்பு (ஃபங்ஷன்) என்ற சொல்லில் முட்டி நிற்கிறேன். ஊதிய அட்டவணையில் அவரவர் துறையின் நிரைகளே தெரியும்படி காப்பு போட்டிருக்கிறோம். ஒரு பயனர், ஊதியத்திலிருந்து 50000-ஐக் கழித்து, வந்ததைக் கொண்டு 1-ஐ வகுக்கச் சொல்கிறார். காப்பு வடிகட்டும் முன் அது ஓடினால், 'சுழியால் வகுத்தல்' பிழை வரும். வேறு துறையில் யாருக்கோ சரியாக 50000 என்று வெளிப்பட்டுவிடும். இப்படி எதையும் காட்டிக்கொடுக்காத சார்புதான் லீக்ப்ரூஃப். 'கசிவுத்தடுப்பு' என்று எழுதினேன். மேலாய்வாளர், "குழாய் ரிப்பேரா?" என்கிறார்.

புலவர் ஐயா:
தம்பி, 'கசியாச் சார்பு' என்க. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும். ஆனால் தேவாரத்தில் கசிவது அன்பால் உருகும் உள்ளம். கசியாதது கல்நெஞ்சு அல்லவா? 'ஒழுகாச் சார்பு' மேல்.

கோவை அக்கா:
ஐயா, ஒழுகு என்பதிலிருந்துதானே ஒழுக்கம்? ஒழுகாச் சார்பு என்றால் ஒழுக்கங்கெட்ட சார்பு! அப்புறம், பாடநூலில் 'செயற்கூறு' என்று படித்த பிள்ளைகளுக்கு இந்தச் 'சார்பு' எதற்கு?

தரவுத்தளத் தம்பி:
அக்கா, அந்தச் சண்டை 2 மாதம் ஓடியது, வேண்டாம். லீக்ப்ரூஃபுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வினவலை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவெடுக்கும் திட்டமிடி (பிளானர்) பார்க்கும் புள்ளிவிவரத்தில் அட்டவணையின் உண்மை மதிப்புகளே கிடக்கின்றன. சொந்தமாக ஒரு செயற்குறி (ஆபரேட்டர்) எழுதி அவற்றை உருவிவிடலாம். 2017-லும் 2019-லும் அந்த ஓட்டைகளை அடைத்தார்கள். இப்போது காப்புள்ள அட்டவணையில் லீக்ப்ரூஃப் அல்லாத சார்புக்கு அந்தப் புள்ளிவிவரத்தைக் கொடுப்பதில்லை. எழுத்துக்கோவையைத் தேடும் 'லைக்' அந்த லீக்ப்ரூஃப் அல்லாத வகை. முகவரியில் 'நகர்' தேடினேன். பாதி நிரைகளில் அது இருக்கிறது. திட்டமிடியோ தேடுசொல்லின் வடிவை மட்டும் பார்த்து, கைப்பிடி நிரைதான் வரும் என்று நினைத்து நெஸ்டட் லூப் போட்டது, அதாவது ஒவ்வொரு நிரைக்கும் மற்ற அட்டவணையைத் திரும்பத் திரும்பத் தேடும் வழி. டீ குடித்துவிட்டு வந்தேன், இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் லீக்ப்ரூஃப் என்று குறித்துவிடலாமே என்றால், அதற்கு சூப்பர்யூசர் (முழு அதிகாரமுள்ள பயனர்) வேண்டும், பொய்யும் சொல்ல வேண்டும்.

புலவர் ஐயா:
காட்டிக்கொடுப்பது பிழைச்செய்தி என்றால் குற்றம் நாவுடையது. வள்ளுவர் 127-ஆம் குறளிலேயே 'யாகாவாராயினும் நாகாக்க' என்று சொல்லிவிட்டார். 'நாகாச் சார்பு'!

கோவை அக்கா:
ஐயா, அது நாவைக் காக்காத சார்பு. நேர் எதிர்ப்பொருள். 'நாகாக்கும்' என்றாலும் பிள்ளைகள் நாகாலாந்தைத் தேடுவார்கள்.

புலவர் ஐயா:
உண்மை, வழுக்கிவிட்டேன். ஆனாலும் கசியா வேண்டாம்.

நான்:
நேரமில்லை. நான்கு பேர் 'கசியாச் சார்பு' என்கிறார்கள். முதல் இடத்தில் பக்கத்திலேயே 'லீக்ப்ரூஃப்' என்றும் போட்டு அனுப்பிவிட்டேன்.

புலவர் ஐயா:
என் மறுப்பைப் பதிவு செய்க. 'திட்டமிடி'க்கு நாளை வருகிறேன்.