மறு: ‘முன்னறி இசைவு’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம். ‘Free, prior and informed consent’ என்பதற்கு நம் கலைச்சொல் தொகுப்பில் எந்தத் தமிழ்ச்சொல்லைப் போடுவது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘முன்னறி இசைவு’ என்றே வைத்துக்கொள்வோம், சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான் ஐயா. ஆனால் ‘முன்’ போய் ‘அறி’யோடு ஒட்டிக்கொள்கிறது, முன்னாடியே தகவல் சொல்லிவிட்டால் போதும் என்றாகிவிடும். ஐ.நா. பொதுச்சபை 2007 செப்டம்பர் 13இல் ஏற்ற தொல்குடியினர் உரிமைப் பிரகடனம் கேட்பது வேறு. தங்கள் நிலத்தையும் வளத்தையும் தொடும் திட்டத்துக்கு அரசு அனுமதி தருமுன்பே, நெருக்குதல் இல்லாமல், விவரம் தெரிந்து, தங்கள் சொந்த அமைப்புகள் வழியாக அவர்கள் இசைய வேண்டும் (உறுப்பு 32).

> ‘ஒப்புதல்’ எல்லாருக்கும் தெரிந்த சொல்லாயிற்றே?

அதுதான் சிக்கல். தபாலைப் பெற்றுக்கொண்டதற்குப் போடும் கையெழுத்தும் ஒப்புதல்தான். பிச்சாவரம் பக்கம் ஓர் இருளர் குடியிருப்பில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். காலை பதினொரு மணி, தண்ணீர் வற்றும் நேரம். பாதிப் பேர் கழியில் இறங்கிக் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களிடம் ஒரு நோட்டை நீட்டி, வருகைக்கு என்று சொல்லிக் கைநாட்டு வாங்கினார்கள். “எல்லாரும் வரட்டும், ராத்திரி உக்காந்து பேசிட்டுச் சொல்றோம்” என்றார் ஒரு பாட்டி. அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அப்புறம் வந்த அறிக்கையில் அத்தனை கைநாட்டும் ஒப்புதலாகியிருந்தது. அந்தப் பாட்டி கேட்ட ஓர் இரவு அவகாசம் நம் சொல்லுக்குள் இருந்தாக வேண்டும்.

என் பரிந்துரை: ‘அறிந்த தன்விருப்ப முன்னிசைவு’. நீளம்தான். புழக்கத்தில் ‘முன்னிசைவு’ என்று சுருங்கும். சுருங்கினாலும் ‘முன்’ தங்கிவிடும். ‘முன்னிசைவு மறுத்தல்’ என்பதையும் தனிப்பதிவாகச் சேர்க்க வேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பையடுத்து 2013இல் ஒடிசாவின் நியாம்கிரியில் 12 கிராம சபைகள் கூடி, பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று பன்னிரண்டும் சொல்லின. வேண்டாம் என்று சொல்ல இடமில்லாத இடத்தில் கலந்துபேசினோம் என்பதற்கு அர்த்தமே இல்லை.

இன்னொன்று. விளக்கத்தில் ‘பட்டியல் பழங்குடியினர்’ என்று எழுதாதீர்கள். கடலூரில் இருளர் பட்டியல் பழங்குடி. எல்லை தாண்டிப் புதுவைக்குப் போனால், 2011 கணக்கெடுப்பில் அங்கே பட்டியல் பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை; 2016இல்தான் இருளரை அங்கே பட்டியலில் சேர்த்தார்கள். அதற்கு முன்பும் இருளர் அங்கே வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். ‘தொல்குடியினர்’ என்று போட்டால் யாரும் விடுபட மாட்டார்கள். விளக்கத்தின் வரைவைப் புதுவை நண்பர்கள் யாராவது எழுதி அனுப்பினால், அதை வைத்தே மேலே பேசலாம்.

அன்புடன்,
கடலூரிலிருந்து