கைக்கத்தரி, மண்வெட்டி, ஸ்பேனர்: நம் நாட்டுத் தயாரிப்பா, மலிவான இறக்குமதியா?

கோத்தகிரி_தோட்டம்:
அம்மா பெயரில் கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. இத்தனை வருடம் குத்தகைக்கு விட்டிருந்தோம், இனி நாங்களே பார்க்கப் போகிறோம். பாதிக் காடு கவாத்துக்கு, அதாவது செடியை வெட்டிவிடும் பருவத்துக்கு, வந்துவிட்டது. கவாத்துக் கத்தியை ஆட்களே கொண்டுவந்துவிடுவார்கள். ஓரத்தில் நிற்கிற பேரி, பிளம்ஸ் மரங்களுக்கு ஒரு கைக்கத்தரி, அப்புறம் மண்வெட்டி, முள்கொத்து, கட்டிங் பிளேயர், ஸ்பேனர் செட் எல்லாம் நான் வாங்க வேண்டும்.

ஆன்லைனில் சீனக் கைக்கத்தரி 180 ரூபாய்க்குக் கிடைக்கிறது. லூதியானாவில் செய்தது அதைப்போல மூன்று மடங்கு விலை. 46 உருப்படி உள்ள சாக்கெட் செட்டே 600 ரூபாய்க்குள் வந்துவிடுகிறது. அப்பா இருந்தவரை டபாரியா தவிர வேறு பிளேயரைத் தொடமாட்டார். தம்பியோ 'எல்லாம் ஒரே இரும்புதான், போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்' என்கிறான். வருடம் முழுக்கப் புழங்குகிறவர்கள் சொல்லுங்கள்.

மலைரோடு_பைக்:
தம்பி சொல்வது சரிதான் அக்கா. நான் அந்த 46 உருப்படி செட்டைத்தான் வண்டியில் வைத்திருக்கிறேன், இதுவரை ஒன்றும் ஆகவில்லை. மாதம் ஒருமுறை திருகுகிற போல்ட்டுக்கு எதற்கு ஆயிரக்கணக்கில் செலவு?

குன்னூர்_இரும்புக்கடை:
குன்னூர் பஜாரில் இரும்புக் கடைக் கவுண்டரில் நின்றே தலை நரைத்தவன் நான். விற்றது மட்டுமில்லை, உடைந்து திரும்பி வந்ததையும் நான்தான் கையில் வாங்கினேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கைக்கத்தரி. இரண்டு அலகும் சேரும் இடத்தைப் பாரும்மா. மலிவு ரகத்தில் அங்கே ரிவெட் அடித்து மூடியிருப்பார்கள். கொஞ்ச நாள் வெட்டியதும் அந்த இடம் தளரும். அலகுகளுக்கு நடுவில் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி விழுந்துவிட்டால் கிளை வெட்டுப்படாது, மடங்கி உள்ளே மாட்டிக்கொள்ளும். இழுத்தால் பட்டை நார்நாராக உரியும். நம்மூர் மூடுபனிக்கு அந்தக் காயம் காய்வதற்குள் பூஞ்சை ஏறிவிடும். ரிவெட்டை இறுக்க வழியில்லை. போல்ட்டும் நட்டும் போட்டதென்றால் ஸ்பேனரை வைத்துக் கால் சுற்று திருகினால் பழையபடி வெட்டும். லூதியானா கத்தரிக்குக் கொடுக்கிற கூடுதல் பணம் பெரும்பாலும் இந்த ஒரு போல்ட்டுக்கும், அலகைக் கழற்றிச் சாணை பிடிக்க முடிவதற்கும்தான். ஸ்பிரிங் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். அது எப்படியும் ஒருநாள் தேயிலைச் செடிக்குள் எகிறி விழும், தேடினாலும் கிடைக்காது.

பிளேயர் விஷயத்தில் உங்கள் அப்பா பக்கம்தான் நான். டபாரியா நாசிக் கம்பெனி. 1969இல் ஒரு சுவீடன் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு கைக்கருவி செய்யத் தொடங்கினார்கள். ஆகவே 'நம்ம சரக்கு' என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் அதில் சுவீடன் பாடமும் கலந்திருப்பதை மறக்க வேண்டாம். பிளேயரில் பார்க்க வேண்டியது கம்பி வெட்டுகிற வாய். வேலிக் கம்பியை வெட்டியதும் அந்த வாயில் பள்ளம் விழுந்திருந்தால் அதன் பதம் அவ்வளவுதான். மலிவு பிளேயர்கள் திரும்பி வந்ததெல்லாம் இந்தப் பள்ளத்தோடுதான்.

ஸ்பேனரில் 'குரோம் வனேடியம்' என்று உறுதியான எஃகின் பெயரைப் பொறித்திருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எழுத்தைப் பொறிக்கப் பெரிய செலவில்லை. ஜலந்தரும் லூதியானாவும் வெளிநாட்டுக்கே ஸ்பேனர் ஏற்றுமதி செய்கிற ஊர்கள், அதே ஊர்களிலிருந்து மட்டமான சரக்கும் வரும். பெயரைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. இந்தியப் பெயர் இருக்கும், பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் 'இறக்குமதி செய்து விற்பவர்' என்று இருக்கும். வெளிநாட்டுப் பெயர் இருக்கும், செய்தது இங்கேயே இருக்கும். இறக்குமதிப் பொட்டலத்தில் எந்த நாட்டில் செய்தது, இறக்கியவர் யார், முகவரி என்ன என்பதெல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதுவே இல்லாத பொருளை விட்டுவிடுங்கள்.

மண்வெட்டிக்கும் முள்கொத்துக்கும் இறக்குமதியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். டாடா அக்ரிகோ மண்வெட்டி இலையை (இரும்புத் தகட்டை) வாங்கிக் காம்பை நீங்களே போடலாம், இல்லையென்றால் கொல்லுப் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தரச் சொல்லலாம். ஒரு காலத்தில் இந்த மலையில் கோத்தர் பழங்குடியினர் அடித்துக் கொடுத்த இரும்பை வைத்துத்தான் மற்றவர்கள் விவசாயம் பார்த்தார்கள். பட்டறைச் சரக்கிலும் ஏமாற்று உண்டு. வெறும் கம்பி இரும்பை அடித்துக் கறுப்புப் பெயின்ட் பூசிவிடுவார்கள். பழைய அரத்தை எடுத்து விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். அரம் வெண்ணெயில் போவதுபோல் இறங்கினால் அது முனை மடங்குகிற சரக்கு. வழுக்கிக்கொண்டு ஓடினால் தோய்ச்சல் (காய்ச்சி முக்கி இறுக்குவது) நன்றாக ஏறியிருக்கிறது, ஆனால் கல் பட்டால் சில்லு தெறிக்கும். கொஞ்சம் முரண்டு பிடித்துக் கடிக்க வேண்டும், அதுதான் சரியான பதம்.

மழையில் காம்பு ஊறி இறுகும், ஜனவரிப் பனிக் காலத்து வறட்சியில் சுருங்கி ஆடும். அதற்கு எந்த நாட்டுக் கருவியும் விதிவிலக்கில்லை, இரும்பு ஆப்பு இரண்டை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

பைக் தம்பிக்கு: உங்கள் செட்டை நான் குறை சொல்லவில்லை. எப்போதாவது எடுக்கிற சாக்கெட், ஆலன் சாவி, அளவு டேப் எல்லாம் மலிவானதே போதும். ஆனால் தினமும் திருகுகிற 10, 13 சைஸ் ஸ்பேனரை மட்டும் தனியாக நல்லதாக வாங்குங்கள். வாய் அகன்ற ஸ்பேனர் போல்ட்டின் முனையை மழுக்கிவிடும், அதைக் கழற்ற ஆகிற கூலியில் நல்ல ஸ்பேனரே வந்துவிடும்.

கொடை_மேல்மலை:
நாங்கள் பூண்டு போடுகிறவர்கள், பேரி மரமும் இருக்கிறது. அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இறக்குமதி என்றாலே மலிவு என்று ஆகிவிடாது. சுவிட்சர்லாந்து ஃபெல்கோ கத்தரி இங்கே ஆயிரக்கணக்கில் விலை, ஆனால் அலகு, ஸ்பிரிங், போல்ட் என்று ஒவ்வொரு உறுப்பும் தனியாக வாங்கிப் போடலாம். பத்துப் பேரி மரம் வைத்திருப்பவருக்கு அது தேவையில்லை. நாள் முழுக்க மரத்தில் நின்று வெட்டுகிறவருக்குக் கை வலி குறையும். அப்புறம் சாணைக்குச் சீன வைரத் தகடு மலிவாகக் கிடைக்கிறது. அதை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.

கோத்தகிரி_தோட்டம்:
ரொம்ப நன்றி அண்ணா, எல்லோருக்கும். போல்ட் போட்ட கத்தரி, நாசிக் பிளேயர், பட்டறையில் முள்கொத்து என்று முடிவு செய்துவிட்டேன். சாக்கெட் செட் தம்பி இஷ்டம். ஒரு சந்தேகம்: கத்தரி அலகைச் சாணை மெஷினில் கொடுக்கலாமா, கையால்தான் தீட்ட வேண்டுமா?

குன்னூர்_இரும்புக்கடை:
கையால்தான். மெஷினில் பொறி பறக்கப் பிடித்தால் விளிம்பு நீலமாகிவிடும். நீலம் ஓடிய இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம், பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. சரிவான பக்கத்தை மட்டும் தீட்டுங்கள், தட்டையான பக்கத்தைப் பிசிறு எடுக்க ஒரு தடவை தடவினால் போதும். முடிந்ததும் துடைத்துத் தேங்காயெண்ணெய் ஒரு கோடு விடுங்கள். அதைச் சாக்குப் பையில் சுற்றி வைக்காதீர்கள், நம்மூர் ஈரத்தை அந்தச் சாக்கே குடித்துக் கத்தரிக்குக் கொடுத்துவிடும்.