நடைப்பயணத்துக்கு மூன்று வாரமே இருக்கிறது. பெருவிரல் நகம் சதைக்குள் இறங்கிவிட்டது

கேள்வி: காரைக்குடியிலிருந்து

வணக்கம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து செல்பவர்களோடு இந்த ஆண்டு முதல் முறையாகச் சேர்ந்திருக்கிறேன். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நாள்கணக்கில் நடக்க வேண்டும் என்பதால், கால்களைப் பழக்குவதற்காக ஞாயிறுதோறும் பிரான்மலையில் ஏறி இறங்குகிறேன். சென்ற வாரம் புறப்படுமுன் நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டேன். இறங்கும்போது விரல்கள் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே வந்தன. இப்போது வலது பெருவிரலின் ஓரத்தில் நகக்கண் சிவந்து வீங்கியிருக்கிறது; போர்வை பட்டாலே உயிர் போகிறது. சீழ் இல்லை. எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிக்கொள்ளுமாறு வீட்டில் சொல்கிறார்கள். மூலையைத் தோண்டி எடுத்துவிட்டால் மறுநாளே நடக்கலாம் என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர், தேவகோட்டை

தம்பி, மூலையைத் தோண்டவே தோண்டாதீர்கள். தோண்டியதும் வலி குறைவது உண்மைதான். ஆனால் நகவெட்டி எட்டாத ஆழத்தில் முள் போன்ற ஒரு சிறு துணுக்கு நின்றுவிடும், நகம் வளர வளர அதுவே முன்னுக்கு வந்து முன்பைவிட ஆழமாகச் சதையைக் குத்தும்.

வெதுவெதுப்பான நீரில் காலை 15 நிமிடம் ஊறவிடுங்கள். நாளுக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைத்துவிட்டு, ஊறி இளகிய சதையை நகத்தின் ஓரத்திலிருந்து மெல்ல விலக்கிவிடுங்கள். சுத்தமான பஞ்சை நூலளவு திரித்து நகத்தின் விளிம்புக்கு அடியில் வைத்தால், நகம் சதைக்கு மேலே வளர வழி கிடைக்கும்; அந்தப் பஞ்சை நாள்தோறும் மாற்ற வேண்டும். வலித்தால் வற்புறுத்தி நுழைக்க வேண்டாம். வீட்டில் இருக்கும்வரை விரல் திறந்திருக்கும் செருப்பே போதும்.

எலுமிச்சம்பழம் நகச்சுற்றுக்கு நம் வீடுகளில் செய்வது. நகச்சுற்று என்பது நகத்தைச் சுற்றியுள்ள தோலில் கிருமி சேர்ந்து வருவது. உங்களுக்கோ நகமே சதையைக் குத்துகிறது. பழம் அந்த விளிம்பை வெளியே எடுக்காது, தோல் கிழிந்திருந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் இவை எதையும் வீட்டில் செய்து பார்க்காமல் நேரே மருத்துவரிடம் செல்லுங்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குப் புண் முற்றும்வரை வலியே தெரியாது.

மறுமொழி: முன்பு நடந்து சென்ற ஒருவர், கோட்டையூர்

நான் இதைப் பொருட்படுத்தாமல் நடந்தவன். நத்தம் வருவதற்குள் காலுறை சீழில் ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்பியதும் ஓரிடத்தில் முழு நகத்தையும் பிடுங்கிவிட்டார்கள். சில மாதங்களில் புது நகம் வளர்ந்து அதே இடத்தில் குத்தியது. பிறகு பார்த்த மருத்துவர், விரல் மரத்துப்போக ஊசி போட்டு, ஓரத்துக் கீற்றை மட்டும் எடுத்து, அந்தக் கீற்று மீண்டும் முளைக்காதபடி அதன் வேரைக் கருக்கும் ஃபீனால் என்ற வேதிப்பொருளை வைத்தார். அந்த ஊசிதான் வலித்தது, மற்றது தெரியவில்லை. புண் ஆறச் சில வாரங்கள் பிடித்தன. ஆகவே நடைக்கு முந்தைய வாரத்தில் போய் நிற்காதீர்கள். சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே காட்டிவிடுங்கள்.

மறுமொழி: மலையேற்றக்காரர், திருப்பத்தூர்

நோய் காலில் என்றாலும் அதற்குக் காரணம் ஷூதான். நின்றபடி பார்த்தால் நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். நடக்க நடக்கக் கால் வீங்கும் என்பதால் மாலையில் போய் அளவு பாருங்கள். இறக்கம் தொடங்குமுன் ஒரு நிமிடம் உட்கார்ந்து, குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி, கணுக்கால் பக்கத்து நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். பாதம் முன்னே வழுக்காது. பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்துவைத்துத் தோலை ஊறச்செய்யும். கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறை நல்லது.

நகத்தை நேர்கோட்டில் வெட்டுங்கள், வளைத்து வெட்டாதீர்கள். வெள்ளை விளிம்பு சற்றுத் தெரிய வேண்டும். புறப்படும் நாளில் அல்ல, சில நாள்கள் முன்னதாகவே வெட்டிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. எனக்குச் சர்க்கரை இல்லை. இன்றே வெந்நீரைத் தொடங்குகிறேன். எங்கள் குழுவில் பலர் வெறுங்காலோடு நடப்பார்கள். நானும் அப்படி நடந்தால் நகத்துக்கு அழுத்தம் குறையாதா?

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர், தேவகோட்டை

அழுத்தம் குறையும் தம்பி. ஆனால் சதை திறந்திருக்கும்போது சாலைப் புழுதியில் வெறுங்கால் வைக்கலாகாது. புண் முழுதும் மூடியிருந்தால் மட்டும் அதை யோசியுங்கள். பத்து நாளில் வீக்கம் வடியாவிட்டால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.