மகள் படிப்புக்கு மூட்டையை விக்கலாமா?

கேள்வி:
அறுவடை முடிஞ்சு வீட்டுல 14 மூட்டை நெல் இருக்கு. ஆறு பேர் சாப்பாட்டுக்கு மாசம் ஒண்ணு. அடுத்த அறுவடைக்கு 11 மாசம், விதைக்கு ஒண்ணு. கையில மிஞ்சுறது ரெண்டுதான். மகள் நர்சிங் படிச்சே தீருவேன்னு நிக்கிறா. கட்டணத்துக்கு ஆறு மூட்டையாவது போகணும். வித்துடலாம்கிறார் வீட்டுக்காரர்.

மோட்டார் வாங்க ஒருதரம் இப்படித்தான் வித்தோம். கடைசி ரெண்டு மாசம், வித்த விலைக்கு மேல குடுத்து வாங்கிச் சாப்பிட்டோம். 'எனக்குப் பசியில்லை'ன்னு நான் படுத்த ராத்திரிகள் யாருக்கும் தெரியாது (இங்கதான் முதல்ல சொல்றேன்). எங்களுக்கெல்லாம் ஆசையே கூடாதா?

பதில் 1:
விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் வேணும். ஒரு வருஷம் பொறுங்க.

பதில் 2:
ஒரு வருஷம் பொறுத்தா அந்தப் பொண்ணை அப்படியே வீட்டுல உட்கார வச்சிடுவாங்க. வேண்டாம்.

அக்கா, ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் 8 கேள்வி வச்சுத்தான் ஒரு வீட்டோட உணவு நிலையை அளக்குது. நாள் முழுக்கப் பட்டினியாங்கிறது எட்டாவதுதான். சாப்பாடு பத்தாம போயிடுமோன்னு கவலைப்பட்டீங்களாங்கிறது முதல் கேள்வி, ஒருவேளையை விட்டீங்களாங்கிறது நாலாவது. நீங்க 'பசியில்லை'ன்னு படுத்தது இந்தக் கணக்குல வரும்.

ஆசையைக் குத்தம் சொல்லாதீங்க. எத்தியோப்பியக் கிராமங்கள்ல, தங்களை மாதிரியே இருந்து முன்னேறினவங்களைப் பத்திச் சின்னச் சின்னப் படம் போட்டுக் காட்டினாங்க. 6 மாசம் கழிச்சுப் பார்த்தா சேமிப்பும் பிள்ளைங்க படிப்புச் செலவும் கூடியிருந்துச்சு. ஆசைப்பட்டது எட்டவே எட்டாத தூரத்துல இருந்தா மனுஷன் முயற்சியைக் கைவிட்டுடுவான்னு பொருளாதார அறிஞர் தேப்ராஜ் ராய் 2006லயே எழுதியிருக்கார்.

உங்களை அடிச்சது, எல்லாரும் விக்கிற நேரத்துல மொத்தமா வித்ததுதான். தவணையாக் கட்டலாமான்னு கேட்டீங்களா?

கேள்வி கேட்டவர்:
கேட்கணும்னே தோணல தம்பி. இன்னைக்குப் போய்க் கேட்டோம், மூணு தவணையாம். முதல் தவணைக்கு ரெண்டு மூட்டையும் ஒரு கிடாயும் போகும். அடுத்ததுக்கு இவர் வெளி வேலைக்குப் போறேன்னிருக்கார். முணுமுணுப்புதான், ஆனா சரின்னுட்டார்.

மகள் சாக்கட்டி எடுத்து 11 மூட்டையிலயும் மாசத்தை எழுதிட்டா. கடைசி மாசத்தோடது சுவரோரமா அடியில கிடக்கு. அதை எடுக்கணும்னா மத்த பத்தையும் நகர்த்தணும்.