டெக், ஃபுட்டிங்: வெள்ளிக்கிழமைக்குள் தமிழ்ச் சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

டொராண்டோவில் வீட்டுப் பின்வளவில் தாங்களே டெக் (தூண்களின் மேல் பலகை பரப்பிய திறந்த மேடை) அமைக்க நினைப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டெக், ஃபுட்டிங் (அதன் தூணைத் தாங்கும் கான்கிரீட் அடித்தளம்) இரண்டுக்கும் நல்ல சொல் அமையவில்லை. எனக்கு இரண்டாவதுதான் கவலை. இங்கே குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்து பெருத்து, ஆழமில்லாமல் நட்ட தூணை மேலே தள்ளிவிடும். அதனால் 1.2 மீட்டராவது தோண்டி, அட்டைக் குழாயை இறக்கி, அதற்குள் கான்கிரீட் ஊற்றுவார்கள். சொல்லைப் பார்த்ததுமே அது மண்ணுக்குள் ஆழத்தில் இருப்பது என்று விளங்க வேண்டும்.
– மொழிபெயர்ப்பவர், ஸ்கார்பரோ

அம்மா, டெக்குக்குச் சொல் தேடவே வேண்டாம், இதணம் இருக்கிறது. தினைப்புனத்தில் கிளி ஓட்டக் கட்டிய பரண். குறிஞ்சிப்பாட்டில் 'புலியஞ்சு இதணம்' என்றே வருகிறது. பரணும் நல்ல சொல்தான். பரப்பு, பரவு எல்லாம் அதே வேர் என்பது என் எண்ணம். பலகை பரப்பியது பரண். ஆனால் இன்று அது அண்டா குண்டா ஏற்றி வைக்கும் இடமாகிவிட்டது. இதணத்துக்கு அந்தச் சுமை இல்லை.
– தமிழாசிரியர் (ஓய்வு), மதுரை

ஐயா, இதணம் அழகான சொல். ஆனால் இந்தக் கையேட்டைப் படிப்பவர் மறுநாள் மரக்கடையில் போய் நிற்கப்போகிறவர். அவருக்கு 'மரத்தளம்' போதும். ஃபுட்டிங்குக்குக் கடைக்கால். கொத்தனார்கள் வாயில் இருக்கும் சொல். அந்தப் பள்ளத்தை எடுப்பதற்கு 'வானம் தோண்டுவது' என்றும் சொல்வார்கள். இதையெல்லாம் கலைச்சொல் பட்டியல்களில் சேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.
– கட்டடப் பொறியாளர், கோவை

கடைக்கால் என்றால் எங்கட சனத்துக்கு விளங்காது. அத்திவாரம்தான். ஆனால் அது சுவர் நெடுக ஓடுவது. இது தூணுக்குத் தூண் தனித்தனி. ஆகவே 'தூண் அத்திவாரம்' என்று போடுங்கள். இன்னொன்று: பதப்படுத்திய மரத்தில் செம்பு கலந்த மருந்து ஏற்றியிருக்கும், சும்மா ஆணியை அரித்துவிடும். 'நாகம் (துத்தநாகம்) பூசிய ஆணி' என்று தெளிவாக எழுதுங்கள்.
– தச்சர், மார்க்கம், கனடா (ஊர் யாழ்ப்பாணம்)

அத்திவாரம் வடசொல். 'தூணடி' இருக்க அது எதற்கு?
– தமிழாசிரியர், மதுரை

தூணடி என்றால் தூணின் கீழ்முனை என்றுதான் படிப்பார்கள் ஐயா. மரத்தையே குழியில் நட்டுவிட்டால் ஈரத்தில் உளுத்துப்போகும். கான்கிரீட் வேறு, அதன்மேல் இரும்புப் பிடியில் நிற்கும் மரம் வேறு.
– கோவை

சரி, நேரமில்லை. டெக் மரத்தளம். ஃபுட்டிங் தூண் அத்திவாரம்; முதல் இடத்தில் மட்டும் 'அல்லது கடைக்கால்' என்று சேர்க்கிறேன். என்னோடு சேர்த்து மூவர் இதற்கு இசைந்திருக்கிறார்கள். அப்புறம், தோண்டாமல் நிலத்தின் மேலேயே வைக்கும் டெக் பிளாக் இருக்கிறதே, அதற்குத் 'தாங்குகல்' சரியா?
– மொழிபெயர்ப்பவர்

நான் இசையவில்லை என்பதைப் பதிவு செய்யுங்கள். தூணடிக்கு விளக்கம் ஒரு வரி எழுதினால் பழகிவிடும். தாங்குகல் நன்று.
– தமிழாசிரியர், மதுரை

கல் என்றால் கல்லைத்தான் தேடுவார்கள். கடையில் இருப்பது கொங்கிறீற் கட்டை.
– தச்சர், மார்க்கம்