ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் மாத்திரைக்கு எங்கே போவது?

புதுவரவு:
வணக்கம். நான் ஜெர்மனிக்கு வேலைக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. வெள்ளிக்கிழமை என்னைப் பார்க்க வந்த அம்மாவின் பெட்டி இன்னும் வந்து சேரவில்லை. அவர் தினமும் போடும் மாத்திரைகள் அனைத்தும் அதில்தான் இருக்கின்றன. காலையிலிருந்து தலை பாரமாக இருக்கிறது என்கிறார். தெருமுனை மருந்துக்கடை பூட்டியிருக்கிறது. ஊரில் மருத்துவர் எழுதிய சீட்டின் படம் கைபேசியில் உள்ளது, அதைக் காட்டினால் மருந்து கொடுப்பார்களா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ஹாம்பர்க்வாசி:
தம்பி, மாத்திரையை எப்போதும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். மருத்துவர் கடிதமும் கூடவே இருக்க வேண்டும். நான் வந்த முதல் நவம்பரில் காய்ச்சலோடு கிடந்தபோது, பாராசிட்டமால் வாங்க அழகுப்பொருளும் சோப்பும் விற்கும் கடைகளில் தேடி அலைந்தேன். இங்கே அது சிவப்பு 'A' எழுத்துப் பலகை தொங்கும் அப்போதெக்கேயில், அதாவது மருந்துக்கடையில் மட்டுமே கிடைக்கும் என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

மூனிக் அண்ணன்:
யோசிக்காதீர்கள், உடனே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வயதானவர்கள் விஷயத்தில் காத்திருப்பது சரியல்ல.

கொலோனிலிருந்து ஒரு தாய்:
அந்த ஆலோசனையை நான் ஏற்க மாட்டேன். என் மாமியாரை மாத்திரைக்காக அங்கே அழைத்துச் சென்று ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உயிருக்கு ஆபத்தானவர்களை முதலில் பார்ப்பதுதான் அங்கே முறை, அதில் தவறில்லை. ஆனால் சர்க்கரை உள்ள அவர் சாப்பிடாமல் துவண்டுபோனார்.

ஹாம்பர்க்வாசி:
ஞாயிற்றுக்கிழமை மட்டுமா? தோல் மருத்துவரைப் பார்க்க நான் மூன்று மாதம் காத்திருந்தேன். சத்தம் கூடாத ஞாயிறன்று மிக்ஸி போட்டதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டியபோது, எதற்காக இங்கே வந்தோம் என்று அழுகையே வந்துவிட்டது.

ஸ்டுட்கார்ட் அக்கா:
நான் இங்கே செவிலியராக வேலை செய்கிறேன். தம்பி, எந்த ஊர், என்ன மாத்திரை, அம்மாவின் வயது என்ன, காப்பீடு இருக்கிறதா என்று எதையும் நீங்கள் எழுதவில்லை. ஆகவே முதலில் ஒன்றைப் பாருங்கள். முகம் ஒரு பக்கம் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு கை தளர்தல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த உரையாடலை மூடிவிட்டு 112 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

அவை இல்லையென்றால் 116117 என்ற இலவச எண்ணை அழையுங்கள். மருத்துவர்களின் கிளினிக்குகள் மூடியிருக்கும் நேரத்துக்கான சேவை அது. பல ஊர்களில் மருத்துவமனை வளாகத்திலேயே அந்த மருத்துவர் இருப்பார். இந்தியச் சீட்டுக்கு இங்கே மருந்து தர மாட்டார்கள். ஆனால் அதைப் பார்த்து இங்குள்ள மருத்துவர் புதுச் சீட்டு எழுத முடியும். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், மருந்தின் மூலப்பெயரையும் (மாத்திரையில் உள்ள மருந்துப் பொருளின் பெயர்) மில்லிகிராம் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். பிறகு பூட்டிய கடையின் கதவையே பாருங்கள். சுழற்சி முறையில் இன்று திறந்திருக்கும் அப்போதெக்கேயின் முகவரி அங்கே ஒட்டப்பட்டிருக்கும். அங்கே மணியை அடித்தால் சிறு சன்னல் வழியே மருந்து தருவார்கள்; இரண்டரை யூரோ கூடுதலாகக் கேட்கலாம்.

தொலைபேசியில் முதலில் உங்கள் குடும்பப் பெயரைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். காத்திருப்பு அறைக்குள் நுழையும்போது அங்கிருப்பவர்களுக்கு 'குட்டன் டாக்' (வணக்கம்) சொல்வது இங்குள்ள வழக்கம். வரவேற்பு மேசையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் பின்னால் நெருங்கி நிற்காமல் விலகி நில்லுங்கள்.

புதுவரவு:
மன்னியுங்கள் அக்கா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். மான்ஹைமில் இருக்கிறோம். அம்மாவுக்கு 63 வயது, இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் போடுகிறார். விசாவுக்காக எடுத்த 30,000 யூரோ காப்பீடு இருக்கிறது. நீங்கள் சொன்ன எந்த அறிகுறியும் இல்லை. 116117இல் பேசினேன், நான்கு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஸ்டுட்கார்ட் அக்கா:
நல்லது. கிளம்பும் முன் காப்பீட்டுத் தாளில் உள்ள உதவி எண்ணையும் அழைத்துச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான வழக்கமான மருந்துக்குப் பல காப்பீடுகள் பணம் தருவதில்லை. மருத்துவரின் கட்டணத்தை நீங்களே முதலில் செலுத்த நேரலாம், நோயின் பெயர் எழுதிய ரசீதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து இரண்டு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். எப்படித் தொடர்வது என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

கொலோனிலிருந்து ஒரு தாய்:
மருந்து ரசீதின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி தாமதமானதால் வந்த செலவை விமான நிறுவனத்திடம் கேட்கலாம். பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அம்மாவுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுத்துவிட்டு அழைத்துச் செல்லுங்கள்.

புதுவரவு:
இரசம் சாதம் சாப்பிட்டிருக்கிறார். மூலப்பெயரைத் தாளில் எழுதிவிட்டேன், கிளம்புகிறோம்.