பாலியஸ்டரில் தைத்தால் அது தேசியக்கொடியா?

சென்னிமலைத் தறி:
2021 டிசம்பர் 30-ல தேசியக்கொடி விதிமுறையைத் திருத்தினாங்க. அதுவரைக்கும் கையால நூற்று, கையால நெய்த கதர் மட்டும்தான் செல்லும்: பருத்தி, பட்டு, கம்பளி. இப்ப மெஷின் துணியும் பாலியஸ்டரும் செல்லும். இது தப்புங்கறேன். 1921-ல பெஜவாடாவுல (இப்ப விஜயவாடா) பிங்கலி வெங்கய்யா கொண்டுவந்த கொடியில ராட்டையைச் சேர்க்கச் சொன்ன காந்தி, கொடி கதர்லதான் இருக்கணும்னும் சேர்த்தே எழுதினார். அந்நியத் துணியை நம்பி இருக்கக் கூடாதுங்கறதுதான் அந்தக் கொடி சொன்ன சேதியே.

திருப்பூர் டைலர்:
அண்ணா, 1947 ஜூலை 22 தீர்மானத்தை ஒருதடவை படிங்க. காவி, வெள்ளை, கரும்பச்சை, நடுவுல கருநீலச் சக்கரம், 2:3 அளவு. துணியைப் பத்திப் பேச்சே இல்லை. அன்னைக்கு அரசியல் நிர்ணய சபையில நேரு ரெண்டு கொடி காட்டினார். அவர் கையில இருந்தது பட்டு, இன்னொண்ணுதான் பருத்திக் கதர். 2004-ல நவீன் ஜிண்டால் வழக்குல, மரியாதையோட கொடி ஏத்தறது குடிமகனோட அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. உரிமை இருந்தும் கூலிக்காரன் வாங்க முடியாத விலையில கொடி இருந்தா என்ன பிரயோஜனம்?

சென்னிமலைத் தறி:
தம்பி, அதே தீர்மானத்துல இன்னொரு வரி இருக்கு. அந்தச் சக்கரம் ராட்டையைக் குறிக்கும்னுதான் எழுதியிருக்கு. வடிவம் மட்டும் சாரநாத் அசோகர் தூண்ல இருந்து எடுத்தது. ஏன் மாத்தினோம்னு நேருவே சொன்னார். ராட்டையில ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் கதிர். கொடியைத் திருப்பிப் பார்த்தா இடம் மாறித் தெரியும். சக்கரம்னா ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கும். ராட்டையைக் குறிக்கிற சின்னத்தை, ராட்டையே தொடாத துணியில அச்சடிக்கறது எனக்கு ஒப்பலை.

வரலாற்று டீச்சர்:
அர்த்தம் மாறவே கூடாதுன்னா மூவர்ணமே நமக்குக் கிடைச்சிருக்காது சார். 1921-ல சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மத்தவங்களுக்குன்னு வச்சாங்க. எங்க நிறம் எங்கேன்னு சீக்கியர்கள் கேட்டாங்க. 1931-ல ஏழு பேர் குழு போட்டாங்க. அவங்க பரிந்துரைச்சது முழுக் காவிக் கொடி, மூலையில ராட்டை! காங்கிரஸ் கமிட்டி அதை ஒதுக்கிட்டு காவி, வெள்ளை, பச்சைன்னு முடிவு பண்ணுச்சு. எந்த நிறத்துக்கும் மத அர்த்தம் கிடையாதுன்னும் தெளிவாச் சொல்லிடுச்சு. பத்தே வருஷத்துல இவ்வளவு மாற்றம். துணி மட்டும் மாறக் கூடாதா?

சென்னிமலைத் தறி:
டீச்சர், அந்த மாற்றம் குழு போட்டு, பலரையும் கேட்டு, விவாதிச்சு வந்தது. 2021-ல வந்தது ஒரு அரசாணை. கொடி காத்த குமரன் எங்க ஊர்ல, நெசவாளர் வீட்டுல பிறந்தவர். அவர் வழியில வந்த தறிக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

திருப்பூர் டைலர்:
குமரன் உயிரை விட்டது எங்க ஊர்லண்ணா. 1932 ஜனவரியில அடிவாங்கி விழுந்தப்பவும் அவர் கொடியை விடலை. நூலுக்காகவா விடாம இருந்தார்? 2022 ஆகஸ்டுக்கு முன்னாடி எங்க யூனிட்ல ராத்திரி பகலா கொடி தைச்சோம். ஓரம் அடிக்கறப்போ துணி தரையில படாம மடியில வாங்கிக்கிட்டுத்தான் எங்க பெண்கள் தைச்சாங்க. அது பாலியஸ்டர்தான். மரியாதையில என்ன குறை?

சென்னிமலைத் தறி:
தைச்சவங்களை நான் ஒண்ணும் சொல்லலை. ஆகஸ்ட் 15-க்கு அப்புறம் தெருவைப் பாருங்க. ஓரம் பிரிஞ்சு, சக்கரம் முட்டை வடிவத்துல, வெள்ளைப் பட்டையை விட்டு விலகி நிக்குது. கிழிஞ்ச கொடியைத் தனியா வச்சு எரிக்கறதுதான் உத்தமம்னு விதி சொல்லுது. கதர் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டி, கருப்புக் கட்டியா தரையில ஒட்டிக்கும். அதைச் சுரண்டி எடுக்கறதுதான் மரியாதையா?

திருப்பூர் டைலர்:
இது நியாயமான கேள்வி. ஆனா 2022 ஜூலையில இருந்து ராத்திரியும் கொடி பறக்கலாம். மழையில நனைஞ்ச கதர் கனத்துத் தொங்கும். வால்பாறையில ஒரு வாரம் பறக்கவிட்டுப் பாருங்க. அரசு அலுவலகத்துக்குக் கதர் கட்டாயம்னு வைக்கட்டும், வீட்டுக்கு எந்தத் துணியும் இருக்கட்டும்.

சென்னிமலைத் தறி:
முதல் பாதிக்குக் கையெழுத்துப் போடறேன். கர்நாடகாவுல ஹூப்ளி பக்கத்துல பெங்கேரியில கதர்க்கொடி தைக்கற பெண்களுக்கு அதுவே பெரிய வேலை. ரெண்டாவது பாதிக்குப் போட மாட்டேன். வீட்டுக்கு விலை குறையணும்னா கதருக்கு மானியம் கொடுங்க.